புதுப்பிக்கத்தக்க மின் உற்பத்தியை நேரில் பார்க்க அலுவலகப் பயணம்: எங்கே, எப்போது போவது?

புக்கிட் பாத்தோக்வாசி கேட்டது:

அன்பர்களுக்கு வணக்கம். சிங்கப்பூரின் ஜூரோங் வட்டாரத்தில் உள்ள ஒரு குளிர்பதனக் கிடங்கின் பராமரிப்புப் பிரிவில் பணியாற்றுகிறேன். உறைய வைத்த மீனும் இறைச்சியும் இரவு பகல் பாராமல் மைனஸ் 20 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இருந்தாக வேண்டும் என்பதால், எங்கள் செலவுக் கணக்கில் மின்கட்டணம் எப்போதும் முன்வரிசையில் நிற்கும். கூரையில் சூரியத் தகடுகளைப் பொருத்துவது, மீதித் தேவைக்குப் புதுப்பிக்கத்தக்க மின்சாரத்தை வாங்குவது ஆகிய இரண்டையும் நிர்வாகம் இப்போது பரிசீலித்துவருகிறது.

இந்த நிலையில் எங்கள் மேலாளர் சென்ற வாரம் என்னை அழைத்து, நாம் வாங்கப்போகும் பொருள் எப்படி உண்டாகிறது என்பதை நம்மில் ஒருவர்கூடக் கண்ணால் பார்த்ததில்லை, ஆகவே நால்வர் போய்ப் பார்த்துவிட்டு வந்து அறிக்கை கொடுங்கள் என்று சொல்லிவிட்டார். ஆறு நாள் அவகாசம் உண்டு. பயிற்சிக்கென ஒதுக்கிய பணம் ஆண்டு முடிவதற்குள் செலவாக வேண்டும் என்பதால் டிசம்பர் முதல் வாரம் என்று நாளையும் அவரே குறித்துவிட்டார்.

எனக்கு மூன்று வழிகள் தோன்றுகின்றன. உள்ளூரிலேயே தெங்கே நீர்த்தேக்கத்து மிதக்கும் சூரியப் பண்ணையைப் பார்ப்பது ஒன்று. லாவோஸிலிருந்து தாய்லாந்து, மலேசியா வழியாக நமக்கு 2022இல் நீர்மின்சாரம் வரத் தொடங்கியதே, அங்கே போவது இன்னொன்று. தமிழ்நாட்டுக் காற்றாலைகளைப் பார்ப்பது மூன்றாவது. குழுவில் தமிழர் இருவர் என்பதால் மூன்றாவதன் பக்கம் மனம் சாய்கிறது என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். படம் எடுத்துக்கொண்டு திரும்பும் உலாவாக இது முடிந்துவிடக் கூடாது. இத்துறையில் இருப்பவர்கள் எதைப் பார்க்க வேண்டும், யாரிடம் என்ன கேட்க வேண்டும் என்று வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

கூரைவேலை எழுதியது:

வணக்கம் ஐயா. பத்து ஆண்டுகளாக வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடிகளின் கூரைகளிலும் தொழிற்சாலைக் கூரைகளிலும் சூரியத் தகடுகளைப் பராமரிப்பதுதான் என் பிழைப்பு. ஆகவே உள்ளூர் நிலவரத்தை மட்டும் சொல்கிறேன். வெளிநாட்டுக்குப் புறப்படும் முன் ஒரு நாளை இங்கே செலவிடுங்கள்.

தெங்கே பண்ணை 2021 ஜூலையில் திறக்கப்பட்டது. ஏறத்தாழ 45 ஹெக்டர் நீர்ப்பரப்பில் 1,22,000 தகடுகள் மிதக்கின்றன. அதன் உச்சத் திறன் 60 மெகாவாட். நாட்டின் நீர் விநியோகத்தைக் கவனிக்கும் பொதுப் பயனீட்டுக் கழகத்தின் ஆண்டு மின்தேவையில் சுமார் 7 விழுக்காட்டை அது ஈடுசெய்கிறது. எண்களைக் கேட்டால் பிரமிப்பாக இருக்கும். ஆனால் போய் நின்று பார்த்தால் கறுப்புப் பலகைகள் தண்ணீரில் சும்மா கிடப்பதுதான் தெரியும், ஏனென்றால் சூரியத் தகட்டில் அசைவது என்று எதுவுமே இல்லை. பத்து நிமிடத்தில் உங்கள் நால்வருக்கும் கொட்டாவி வந்துவிடும். அங்கே கவனிக்க வேண்டியது வேறு. தகடு சூடாகச் சூடாக அதன் உற்பத்தி குறையும். 25 டிகிரிக்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் 0.3 முதல் 0.4 விழுக்காடு வரை இழப்பு உண்டு. நம் ஊர்க் கூரையில் உச்சி வெயிலில் தகடு 60 டிகிரியைத் தொடுவது அன்றாடக் காட்சி. நீரின் மேல் இருக்கும் தகடு அவ்வளவு சூடாவதில்லை என்பதால் கூரையில் இருப்பதைவிட 5 முதல் 15 விழுக்காடு வரை கூடுதலாக உற்பத்தி செய்கிறது. உங்கள் கூரைக்கு யாராவது விலைப்புள்ளி கொடுத்து, இவ்வளவு மின்சாரம் கிடைக்கும் என்று ஒரு தொகையைக் காட்டினால், அது எந்த வெப்பநிலையை வைத்துப் போட்ட கணக்கு என்று அப்போது கேட்கத் தோன்றும்.

இன்வெர்ட்டர் அறைக்குள் விடுவார்களா என்று முன்கூட்டியே கேட்டுவையுங்கள். தகடு தருவது நேர்மின்னோட்டம். அதை நம் மின்கட்டமைப்பு ஏற்கும் மாறுமின்னோட்டமாக ஆக்குவது இன்வெர்ட்டர். அதன் திரையின் முன்னால் அரை மணி நேரம் நின்றால் இந்தத் தொழிலின் முழுக் கதையும் கண்முன் ஓடும். ஒரு மேகம் கடந்ததும் ஒரு நிமிடத்துக்குள் முக்கால் பங்கு உற்பத்தி சரிந்து, மேகம் விலகியதும் மறுபடி ஏறுவதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். பார்வைக்கு வருபவர்கள் வழக்கமாகக் காலை பத்து மணிக்கு வந்து பதினொன்றுக்குப் போய்விடுவார்கள். சிங்கப்பூரின் கடிகாரம் சூரியனைவிட முந்தி ஓடுவதால் இங்கே உச்சி வேளை பகல் ஒரு மணி அளவில்தான் வருகிறது. ஆகவே பன்னிரண்டரைக்குப் போய் இரண்டரை வரை இருக்க அனுமதி கேளுங்கள்; இடையில் மழை இறங்கினால் அதை உங்கள் நல்வாய்ப்பாகக் கொள்ளுங்கள்.

ஒரு கிலோவாட் தகடு இங்கே ஆண்டுக்கு ஏறத்தாழ 1,200 கிலோவாட் மணி, அதாவது 1,200 யூனிட், தரும் என்பது நாங்கள் கையில் வைத்திருக்கும் கணக்கு. உங்கள் கூரைப் பரப்பைக் கொண்டு பெருக்கிப் பாருங்கள். கிடங்கின் தேவைக்கு முன்னால் அது எவ்வளவு சிறியது என்பது தெரிந்த பிறகு பயணத்தைத் திட்டமிடுவது நல்லது. (தகடுகளுக்கு அடியில் மைனா கூடு கட்டும் தொல்லையைப் பற்றி எந்த விலைப்புள்ளியிலும் ஒரு வரிகூட இருக்காது. அது தனிக்கதை.)

ஆரல்காற்று எழுதியது:

ஐயா, தமிழ்நாட்டுக்குப் போவது நல்ல எண்ணம். டிசம்பரில் போவது வீண். சற்று விரிவாகவே சொல்கிறேன், பொறுத்தருள்க.

என் ஊர் கன்னியாகுமரி மாவட்டத்து ஆரல்வாய்மொழிக்குப் பக்கம். செங்காங்கில் குடியேறும் முன் ஆறு ஆண்டுகள் முப்பந்தல் வட்டாரத்தில் காற்றாலைப் பராமரிப்பாளராக வேலை பார்த்தேன். தென்மேற்குப் பருவக்காற்று மலைத்தொடரில் முட்டி, கணவாயில் வழி கிடைத்ததும் நெருக்கியடித்துக்கொண்டு வேகமாகப் பாயும். ஆரல்வாய்மொழி, செங்கோட்டை, பாலக்காடு ஆகிய கணவாய்களுக்குக் கிழக்கே காற்றாலைகள் குவிந்திருப்பதற்கு அதுதான் காரணம். மே மாதத்திலிருந்து செப்டம்பர் வரை நல்ல காற்று. ஆண்டு உற்பத்தியில் பெரும்பகுதி அந்த ஐந்து மாதங்களில் வந்துவிடும். ஆடிக்காற்றில் அம்மி பறக்கும் என்று நம் முன்னோர் சொல்லிவைத்திருக்க, மார்கழியை ஒட்டிக் காற்றைப் பார்க்கப் போவானேன்?

காற்றின் வேகத்துக்கும் கிடைக்கும் மின்சாரத்துக்கும் உள்ள உறவை உங்கள் குழுவில் எல்லாரும் புறப்படும் முன்பே புரிந்துகொள்ள வேண்டும். வேகம் இரு மடங்கானால் ஆற்றல் எட்டு மடங்காகும், அதாவது வேகத்தின் கன மடங்கில் ஏறும். இறங்குவதும் அப்படியே. சிங்கப்பூரில் சராசரி வேகம் வினாடிக்கு 2 மீட்டர் என்கிறார்கள். பெரும்பாலான காற்றாடிகள் 3 அல்லது 4 மீட்டர் வேகம் வரும் வரை மின்சாரம் தரத் தொடங்குவதே இல்லை. 12 மீட்டரை ஒட்டி முழுத் திறனை எட்டும். 25 மீட்டரைத் தாண்டினால் தங்களைக் காத்துக்கொள்ளத் தாமாகவே நின்றுவிடும். நம் தீவில் ஏன் காற்றாலை வரவில்லை என்று கேட்பவர்களுக்கு இந்த ஒரு கணக்கே போதும்.

நான் அங்கே இருந்தபோது வெளிநாட்டிலிருந்து ஒரு குழு டிசம்பரில் வந்தது. மூன்று மணி நேரம் குளிரூட்டிய அறையில் படக்காட்சி, பிறகு தடபுடலான சாப்பாடு, கடைசியில் நின்றுபோன ஒரு காற்றாடிக்குக் கீழே இருபது நிமிடம். இது எப்போது சுற்றும் என்று அவர்களில் ஒருவர் என்னிடம் கேட்டார். ஆறு மாதம் கழித்து வாருங்கள் என்று சொல்ல வாய் வந்தது. மேலதிகாரி பக்கத்தில் நின்றதால் விழுங்கிவிட்டேன்.

நீங்கள் ஜூலையில் போங்கள். முப்பந்தலில் பழைய காற்றாடிகளையும் புதியவற்றையும் அருகருகே பார்க்கலாம். இரும்புச் சட்டக் கோபுரத்தின் மேல் நிற்கும் 225, 250 கிலோவாட் எந்திரங்கள் தொண்ணூறுகளில் வந்தவை. இன்று நடுபவை இரண்டு மெகாவாட்டுக்கு மேல், கோபுர உயரமும் நூறு மீட்டரைத் தாண்டும். காற்று மிக நன்றாக வீசும் இடத்தைச் சிறிய எந்திரங்கள் இன்னும் பிடித்துக்கொண்டிருப்பது அங்கே நேரில் தெரியும். உச்சியில் உள்ள கூண்டுக்குள் ஏற ஆசைப்படாதீர்கள். உயரத்தில் பணிபுரியும் பயிற்சிச் சான்றிதழ் இல்லாதவரை ஏற்ற மாட்டார்கள், ஏற்றவும் கூடாது. பழுதுபார்ப்பதற்காகக் கீழே இறக்கி வைத்திருக்கும் கியர்பாக்ஸ் ஏதேனும் இருந்தால் அதைக் காட்டச் சொல்லுங்கள். மெதுவாகச் சுழலும் இறக்கையின் வேகத்தை ஜெனரேட்டர் கேட்கும் வேகத்துக்கு ஏற்றிக்கொடுப்பது அதுதான். அதன் பல் தேய்ந்திருப்பதைத் தடவிப் பார்த்தால் பராமரிப்புச் செலவு எங்கே போகிறது என்பதை யாரும் சொல்லாமலே புரிந்துகொள்வீர்கள். கியர்பாக்ஸே இல்லாத வகையும் உண்டு. இரண்டையும் பராமரித்த ஊழியர் ஒருவரோடு தேநீர்க் கடையில் பத்து நிமிடம் பேசினால் அறிக்கைக்கு இரண்டு பக்கம் கிடைக்கும்.

கணக்குப் பார்ப்பவன் எழுதியது:

குறுக்கே பேசுவதற்கு மன்னிக்கவும். நீங்கள் தமிழ்நாட்டில் பார்க்கும் காற்றாடியிலிருந்து ஒரு துளி மின்சாரமும் ஜூரோங்குக்கு வரப்போவதில்லை. இங்கே கம்பியில் ஓடுவதில் ஏறத்தாழ 95 விழுக்காடு இயற்கை எரிவாயுவில் உற்பத்தியானது. லாவோஸிலிருந்து 2022 ஜூனில் நீர்மின்சாரம் வரத் தொடங்கியபோது அதுவும் அதிகபட்சம் 100 மெகாவாட்டுக்கான ஏற்பாடாகத்தான் இருந்தது. உங்கள் நிறுவனம் வாங்கப்போவது பெரும்பாலும் ஒரு சான்றிதழாகவே இருக்கும். புதுப்பிக்கத்தக்க வழியில் 1,000 கிலோவாட் மணி எங்கோ உற்பத்தியானது என்பதற்கு ஒரு சான்றிதழ். அது எந்த நாட்டில், எந்த ஆண்டில், எந்த நேரத்தில் உற்பத்தியானது என்பதைப் பார்க்காமல் விலையை மட்டும் பார்த்து வாங்குவோர் உண்டு. நால்வருக்கு விமானச் சீட்டு வாங்கும் முன், விற்பவரிடம் இந்த மூன்றையும் எழுத்தில் கேளுங்கள் என்பதே என் கருத்து.

புக்கிட் பாத்தோக்வாசி எழுதியது:

மூவருக்கும் நன்றி. டிசம்பர் என்று குறித்த மேலாளரிடம் ஆரல்காற்று அவர்களின் பதிலை மொழிபெயர்த்துக் காட்டினேன். நிதியை மறு ஆண்டுக்கு மாற்ற முடியுமா என்று விசாரிப்பதாகச் சொன்னார்.

கணக்குப் பார்ப்பவன் சொன்னது சரியே, ஆனாலும் போக வேண்டும் என்றே நினைக்கிறேன். எந்த நேரத்தில் உற்பத்தியானது என்று கேட்கச் சொன்னீர்கள். அந்தக் கேள்வி ஏன் முக்கியம் என்பதே சென்ற வாரம் வரை எங்களுக்குத் தெரியாது. எங்கள் குளிர்பதன அமுக்கிகள் (கம்ப்ரசர்கள்) இரவு மூன்று மணிக்கும் ஓடுகின்றன. சூரியன் இல்லாதபோது, காற்று இல்லாதபோது என்ன செய்கிறார்கள் என்பதைக் காட்டும் இடம் ஏதேனும் உண்டா? பார்க்க வேண்டியது அதுதானோ என்று இப்போது தோன்றுகிறது.

ஆழியாற்றுக்காரன் எழுதியது:

நீங்கள் கேட்ட இடம் என் ஊர்ப் பக்கம் இருக்கிறது. பொள்ளாச்சியிலிருந்து வால்பாறைக்கு ஏறும் மலைப்பாதையில் கிளை பிரிந்து போனால் காடம்பாறை. 400 மெகாவாட் திறன் கொண்ட நீரேற்று மின்நிலையம்; நூறு மெகாவாட் எந்திரங்கள் நான்கு மலையைக் குடைந்த நிலவறைக்குள் இருக்கின்றன. மேலே ஒரு நீர்த்தேக்கம், கீழே ஒன்று. மின்சாரம் மிஞ்சும் நேரத்தில் கீழிருந்து நீரை மேலே ஏற்றுகிறார்கள். ஊரெல்லாம் விளக்குப் போடும் மாலையில் அதே நீரை இறக்கி மின்சாரம் எடுக்கிறார்கள். ஏற்றும்போது விசையியக்கக் குழாயாகவும் இறக்கும்போது சுழலியாகவும் வேலை செய்வது ஒரே எந்திரம், சுழலும் திசைதான் மாறும். இத்தகைய நிலையங்களில் நூறு யூனிட் செலவிட்டு நீரை ஏற்றினால் எழுபத்தைந்து, எண்பது யூனிட் திரும்பக் கிடைக்கும் என்பது பொதுக் கணக்கு. இருபது யூனிட்டை இழந்தாவது ஏன் ஏற்றுகிறார்கள் என்பதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானே விளங்கும்.

ஆரல்காற்று அண்ணன் கோபித்துக்கொள்ளக் கூடாது. உங்களுக்கு முப்பந்தல் தேவையில்லை. சிங்கப்பூரிலிருந்து நேரே கோயம்புத்தூருக்குப் பறந்து, உடுமலைப்பேட்டையில் தங்குங்கள். பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் சுழலும் காற்றாடிகள் பூளவாடி, கேத்தனூர்ப் பக்கம் வயல்வெளி எங்கும் நிற்கின்றன. அங்கிருந்து காடம்பாறைக்கு ஏறும் மலையின் அடிவாரமான ஆழியாறு காரில் எட்டிவிடும் தொலைவுதான். காற்றையும் சேமிப்பையும் ஒரே பயணத்தில் பார்த்துவிடலாம். ஜூலையில் சில இரவுகளில் காற்று நன்றாக வீசியும் காற்றாடிகள் நிறுத்தி வைக்கப்பட்டிருப்பதைக் காண்பீர்கள். அது பழுது இல்லை. அந்த வேளையில் அவ்வளவு மின்சாரத்தையும் ஏற்றுக்கொள்ளக் கட்டமைப்பில் இடமில்லை என்பது பொருள். அப்படி ஒன்றைக் கண்டால் கட்டாயம் குறித்துக்கொள்ளுங்கள், ஓடும் நூறு காற்றாடிகளைவிட அதில் விஷயம் அதிகம்.

காடம்பாறைக்குள் அனுமதியில்லாமல் நுழைய முடியாது. மின்துறையின் அனுமதி, வனத்துறைச் சோதனைச் சாவடி இரண்டும் உண்டு. வெளிநாட்டுக் கடவுச்சீட்டு என்றால் இன்னும் காலம் பிடிக்கும், கிடைக்காமலும் போகலாம். இரண்டு மூன்று மாதம் முன்னதாக நிறுவனத்தின் கடிதத்தோடு விண்ணப்பியுங்கள். விசாவும் வணிக விசாவாக இருக்கட்டும். மலைப்பாதையில் நாற்பது கொண்டை ஊசி வளைவுகள். குழுவில் வாந்தி வருபவர் இருந்தால் முன் இருக்கையைக் கொடுத்துவிடுங்கள்.

ஆரல்காற்று எழுதியது:

கோபம் இல்லை, தம்பி. காடம்பாறை எனக்கு நினைவுக்கு வந்திருக்க வேண்டும். அவர் கேட்ட கேள்விக்கு உங்கள் வழிதான் பொருத்தம். பழைய கியர்பாக்ஸை மட்டும் உடுமலைப் பக்கமே எங்காவது ஒரு பட்டறையில் பார்த்துவிடச் சொல்லுங்கள்.

கூரைவேலை எழுதியது:

அனுமதி கிடைக்காவிட்டால் மனம் தளர வேண்டாம். ஜூரோங் தீவில் 2023இல் திறக்கப்பட்ட மின்கலன் சேமிப்பு நிலையத்தின் கொள்ளளவு 285 மெகாவாட் மணி. ஒருமுறை நிரப்பினால் சுமார் 24,000 நான்கறை வீடுகளின் ஒரு நாள் தேவைக்குப் போதும். மேகம் மறைத்ததும் சரியும் உற்பத்தியை நொடிக் கணக்கில் ஈடுகட்டுவதற்கு இப்படிப்பட்டவை வேண்டும். காடம்பாறை போன்றவை மணிக் கணக்கில் தாங்குபவை. அந்தத் தீவும் பாதுகாக்கப்பட்ட இடம் என்பதால் அங்கேயும் முன்அனுமதி தேவை.

இன்னொன்று. உங்கள் கிடங்கே ஒரு சேமிப்பு நிலையம்தான் என்பது உங்களுக்குத் தோன்றியதா? வெயில் உச்சத்தில் இருக்கும்போது மைனஸ் 20க்குப் பதில் மைனஸ் 24 வரை குளிர்வித்துவைத்தால், மாலையில் சில மணி நேரம் அமுக்கிகளுக்கு ஓய்வு கொடுக்கலாம். நீரை மேலே ஏற்றுவதற்குப் பதில் குளிரை உள்ளே ஏற்றுகிறீர்கள். சரக்கின் தரம் அதற்கு இடம் கொடுக்குமா, குளிர்விக்கக் கூடுதலாகும் செலவு எவ்வளவு என்பதை உங்கள் குளிர்பதனப் பொறியாளர்தான் சொல்ல வேண்டும். ஆனால் காடம்பாறையில் நிற்கும்போது இந்த எண்ணத்தோடு நில்லுங்கள்.

புக்கிட் பாத்தோக்வாசி எழுதியது:

நிதி மாற்றம் சரியாகிவிட்டது. ஜூலை இரண்டாம் வாரம், கோயம்புத்தூர். அதற்கு முன் ஒரு நாள் தெங்கே, பகல் பன்னிரண்டரை மணிக்கு. காடம்பாறைக்கு விண்ணப்பம் அனுப்பியாயிற்று. சான்றிதழ் விற்பவரிடம் மூன்று கேள்விகளையும் எழுத்தில் கேட்டிருக்கிறோம். நாட்டையும் ஆண்டையும் சொன்னார்கள், நேரத்தைப் பற்றி இன்னும் பதில் இல்லை. கையோடு எடுத்துப்போக வேண்டியது ஏதும் உண்டா?

கூரைவேலை எழுதியது:

பாதுகாப்புக் காலணி, தொப்பி. அவற்றோடு, உங்கள் கிடங்கின் மின்பயன்பாட்டை அரை மணிக்கு ஒரு முறை பதிந்த ஓராண்டுப் பட்டியல். உங்கள் மின்விற்பனையாளரிடம் கேட்டால் கிடைக்கும். பூளவாடியில் எந்தக் காற்றாலையின் ஜூலை மாத உற்பத்திப் பட்டியலைக் காட்டினாலும், அதன் பக்கத்தில் உங்களுடையதை விரித்துவையுங்கள்.